சீர் ஏற்றிப் போன கப்பல்

கண்ணு, வியாழக்கிழமை காலையில் நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்குவாய். இறங்கிய கையோடு உன் அப்பா உன்னைத் தையல்காரரிடம், மண்டபத்துக்காரரிடம், மாலை கட்டுகிறவரிடம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிடுவார். அப்புறம் முகூர்த்தம் முடிகிற வரைக்கும் நீ என் கைக்குச் சிக்க மாட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்கிறாய். இருக்கிற ‘சரி’யை எல்லாம் என்னிடமே கொட்டித் தீர்த்துவிட்டால் வரப்போகிற மருமகளுக்கு என்ன மிச்சம் வைப்பாய்? கடிதத்தில் இன்னொரு சௌகரியமும் உண்டு, நீ குறுக்கே பேச முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் இத்தனை பக்கம் எழுதுகிறாளே என்று வியக்காதே. சிங்காநல்லூரில் நம் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் நான் ஆட்டுகிற மாவில்தான் தோசை வேகிறது. பேசிப் பேசியே வாடிக்கை பிடித்தவள் நான். பேச்சைக் காகிதத்தில் இறக்கி வைக்கிறேன், அவ்வளவுதான்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். டேவிட்டுக்கு உன் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டேன். வாயை மூடு, ஈ போய்விடப் போகிறது. எங்கே வைத்தேன் என்று கேள். போத்தனூரில் அவன் அம்மா அப்பா இருக்கிற வீட்டிலும் வைத்தேன், அது வேறு. நான் சொல்வது அவன் கையில் வைத்ததை. அவன் இப்போது வேலை செய்கிற புனேவுக்கு நான் ரயில் ஏறவில்லை. ஆகாயத்தில் போய் வைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் சோறு தண்ணி மறந்து ஓட்டினீர்களே, அந்தக் கப்பல் விளையாட்டு, அதற்குள் போய், ஒவ்வொரு நட்சத்திரமாகத் தாண்டி, அவன் நிற்கிற இடத்துக்கே போய்க் கூப்பிட்டேன். உன் கப்பலில்தான் போனேன், உன் பெயரில்தான் போனேன். அதனால்தான் இப்போது உனக்கு ஒரு வேலை மிச்சம் விழுந்திருக்கிறது. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கித் தின்கிற புத்தி உனக்கு.

நான் எப்படி இதற்குள் நுழைந்தேன் என்பது உனக்கு மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. ஹாலில் ஒரு மூலையில் என் கிரைண்டர் ஓடும், எதிர் மூலையில் உன் கம்ப்யூட்டர் ஓடும். சனிக்கிழமை ஆனால் டேவிட் தன் கம்ப்யூட்டர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போத்தனூரிலிருந்து வந்துவிடுவான். விளையாட்டில் நீ ‘சிங்காநல்லூரான்’, அவன் ‘போத்தனூரான்’. நட்சத்திரத்துக்குப் போகிறவர்கள்கூட ஊர்ப் பெயரை விட்டுவிட்டுப் போகவில்லையே என்று நான் சிரிப்பேன். உன் கப்பலுக்கு ‘அம்மணி’ என்று பெயர் வைத்தாய், உன் அப்பா என்னைக் கூப்பிடுகிற பெயர். எனக்கு ஐஸ் வைத்தால் முட்டை தோசை கிடைக்கும் என்று நினைத்தாய். கிடைக்கவும் கிடைத்தது. ஒருநாள் நீ குளிக்கப் போயிருந்தபோது டேவிட்தான் கூப்பிட்டான். "அம்மா, இங்க வாங்க. கப்பல் ஓட்டற இந்த ஸ்டிக்கைக் கொஞ்சம் புடிச்சுக்கோங்க." கையில் உளுந்து ஈரம். "ஐயோ சாமி, ஒடஞ்சு கிடஞ்சு போச்சுன்னா?" என்றேன். "ஒடஞ்சா அவன் கப்பல்தானுங்க, நமக்கென்னங்க" என்றான். அப்படித்தான் நான் முதல் நட்சத்திரத்தைத் தாண்டினேன். நீ இடுப்பில் துண்டோடு வந்து, "ஏம்மா, எங்க கொண்டு போயிட்டே என்ற கப்பலை!" என்று கத்தியதும், அவன் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்ததும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

நீ பெங்களூர் கிளம்பிய கதையை நான் நீட்டப் போவதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இங்கேயே பட்டறை போடுவது என்று பேசி வைத்திருந்தீர்கள். உனக்கு நல்ல வேலை வந்தது, வாங்கிக்கொண்டாய், அதில் ஒரு தப்பும் இல்லை. அவனிடம் சொல்லத்தான் உனக்கு நாக்கு எழவில்லை. வழக்கம்போல அவன் வந்தான், கட்டிலில் கட்டி வைத்த பெட்டியைப் பார்த்தான். "எங்கடா கெளம்பறே?" "பெங்களூரு. வேலை." "எப்போ?" "நாளைக்கு." அவன் கழுத்தில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். "உன்னை நம்பி வண்டி ஓட்டுனேன் பாரு, என்னைச் சொல்லோணும்" என்றான். நீயும் சும்மா இருக்கவில்லை. "அப்ப தனியா ஓட்டிக்க" என்றாய். நான் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். யார் பக்கம் நியாயம் என்று நான் அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப் போவதில்லை. ஆனால் அன்றைக்கு அவனுக்காக எடுத்து வைத்த தோசையை நீயும் தின்னவில்லை, நானும் தின்னவில்லை.

நீ போனாய், கம்ப்யூட்டர் இங்கேயே இருந்துவிட்டது. நீ அந்த விளையாட்டை அப்புறம் தொடவே இல்லை. மத்தியானம் மாவு வேலை முடிந்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு. மற்றவர்கள் சீரியல் பார்க்கிறார்கள், நான் ‘அம்மணி’யை ஓட்டுகிறேன். உன் அப்பா லேத் பட்டறையிலிருந்து சாப்பிட வரும்போதெல்லாம், "இன்னைக்கு எந்த ஊர் நட்சத்திரம் அம்மணி?" என்பார். திரையின் ஓரத்தில் கூட ஓட்டுகிறவர்கள் பெயர் வரிசை இருக்கும், யார் இப்போது உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும். ‘போத்தனூரான்’ பெயரை நீ அழிக்கவில்லை. அவனும் உன்னை அழிக்கவில்லை. அவன் புள்ளி எங்கே எரிகிறது என்று தேடிப் பார்த்தால், வரைபடத்தின் ஓரத்துக்கும் ஓரம், நட்சத்திரங்கள் எல்லாம் தீர்ந்துபோகிற இடம். தனியா ஓட்டிக்க என்றாயே, ஓட்டியிருக்கிறான் பாவி, போக இடமில்லாத வரைக்கும்.

கல்யாணம் நிச்சயமானதும் உன் அப்பா, "மாப்பிள்ளைத் தோழன் யாருன்னு கேளு" என்றார். நான் போனில் கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நீ எடுத்துக்கொண்ட நேரத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. போத்தனூருக்குப் போய் அவன் அம்மாவுக்குத் தட்டில் பத்திரிகை வைத்தோம். அந்த அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாங்க. "நாங்க குடும்பத்தோட வாரோமுங்க. ஆனா அவங்கிட்ட நான் பேச்செடுத்தா போனை வெச்சுப்போடறான். நீங்களே சொல்லிப் பாருங்க" என்றாங்க. அவன் புது நம்பரையும் கொடுத்தாங்க. நான் அடிக்கவில்லை. நம் பக்கத்தில் போனில் கூப்பிட்டுவிட்டுக் கல்யாணத்துக்கு வா என்றால் யார் வருவார்கள்? இருக்கிற இடம் தேடிப் போய், நேரில் நின்று, குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால்தானே அது அழைப்பு. அவன் புனேவில் வேலை செய்கிறான், சரி. ஆனால் அவன் மனசு போய் நிற்கிற இடம் அந்தப் பச்சைப் புள்ளிதானே. அங்கேதான் போக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டேன். உன் அப்பா கேட்டார், "ஏம்புள்ள, ஆகாசத்துல போயி பத்திரிகை வெப்பியா?" "ஏனுங்க, போனா என்னங்க? பஸ் செலவில்லீங்களே" என்றேன்.

வெறும் கையோடு போக முடியுமா? கிளம்புகிற துறைமுகத்துச் சந்தையில் தேங்காய் பழம் கேட்டால் இல்லை. காப்பிக் கொட்டை இருந்தது, தானியம் இருந்தது, ஏதோ பழமும் காய்கறியும் கலந்த பெட்டி இருந்தது. கப்பல் வயிறு கொள்கிற மட்டும் வாங்கி அடுக்கினேன். சீர் என்றால் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும், அரைத்தட்டு கொண்டு போகிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. இங்கேதான் உன் அம்மா கோட்டை விட்டாள். சுமை ஏற ஏறக் கப்பல் ஒரு தாவலில் போகிற தூரம் குறையும் என்று நீங்கள் எத்தனை தடவை பேசிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு வாளி மாவு ஏற்றினால் என் மொபெட் மேம்பாலம் ஏறாமல் முனகுவதைத் தினமும் பார்க்கிறவள்தான் நான். ஆனாலும் சீர் என்றதும் எனக்கு எடை ஞாபகமே வரவில்லை.

பாதையைப் பற்றிச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், என் வாயால் கேள். வரைபடத்தில் அவன் இடத்தைத் தொட்டால் கம்ப்யூட்டரே ஒரு கோடு போட்டுக் காட்டும், இந்த நட்சத்திரத்திலிருந்து அந்த நட்சத்திரம், அங்கிருந்து அடுத்தது என்று மாலை கட்டின மாதிரி. மூக்கை அதற்கு நேராகத் திருப்பி, விசையைக் கூட்டி, எண்ணி முடித்ததும் ஒரு தாவல். சுற்றிலும் வெளிச்சம் கிழிந்துகொண்டு ஓடும். திடீரென்று அடுத்த நட்சத்திரம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும், அடுப்பைத் திறந்து வைத்த மாதிரி. அந்த நேரத்தில் வேகத்தைக் குறைக்காதவன் நேராக அதற்குள்ளேயே போய் வேகிறான். நீயும் புது வீட்டுக்குப் போகப் போகிறவன், ஒன்று சொல்லி வைக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் முதலில் வேகத்தைக் குறை. மாமனார் வீட்டில் காப்பியில் சர்க்கரை ஜாஸ்தி, எங்கள் வீட்டில் அப்படி இல்லை என்றெல்லாம் வந்த அன்றைக்கே ஆரம்பிக்காதே. கொஞ்சம் ஒதுங்கி, சுற்றி வந்து, எது சுடுகிறது, எது குளிர்கிறது என்று பார். என் கல்யாணத்தில் உன் அப்பா இதைச் செய்தார், அதனால்தான் இன்றைக்கும் அவருக்குச் சூடாகச் சோறு கிடைக்கிறது.

பெட்ரோல் சமாசாரம் இன்னொன்று. நீ எரிபொருள் என்று சொல்வாய், எனக்கு அது பெட்ரோல்தான். சில நட்சத்திரங்களின் ஓரமாக உரசிக்கொண்டு போனால் கப்பல் அதன் வெளிச்சத்தையே உறிஞ்சி டேங்கை நிரப்பிக்கொள்ளும். மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு எல்லாம் கொடுக்கிற கை. பழுப்பாக மங்கிக் கிடக்கிறதுகள் இருக்கின்றன, பக்கத்தில் எத்தனை நேரம் நின்றாலும் ஒரு சொட்டுத் தராது. மனிதர்களிலும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன், கல்யாணத்துக்கு வருவார்கள். தினமும் மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக, போகிற வழியெல்லாம் நான் ஒழுங்காக நிரப்பிக்கொண்டுதான் போனேன். ஊர்கள் அடர்ந்த பக்கம் இருக்கிற வரை கவலை இல்லை. ஓரத்துக்குப் போகப் போக நட்சத்திரங்கள் எட்டி எட்டி நின்றன. சுமையோடு கம்ப்யூட்டர் போட்ட கோடு சுற்றிச் சுற்றிப் போனது. அவசரக்காரி நான், கோட்டை விட்டுவிட்டுக் குறுக்கே பார்த்தேன். ஒரு நட்சத்திரம் பக்கத்தில் தெரிந்தது, தாவிவிட்டேன். போய் நின்றால் அது பழுப்பு. டேங்க் அடிமட்டம். திரையில் சிவப்பு விளக்கு எரிந்து, சரக்கைக் கொட்டினால் எடை குறையும் என்று யோசனை வேறு சொன்னது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த உன் அப்பா தட்டோடு வந்து பின்னால் நின்றார். "கொட்டிப்போட்டு போ புள்ள. காப்பிதானே." எனக்கு வந்தது பார் கோபம். "சீர்த்தட்டை வழியில கொட்டிப்போட்டு வெறுங்கையோட போய் நிப்பாங்களா? உங்க அக்கா கல்யாணத்துக்கு அப்படித்தான் போனீங்களா?" "இதுல எங்க அக்கா எங்க வந்தா?" என்று அவர் சோற்றைப் பிசைந்தார். நான் கொட்டவில்லை. ஒரே ஒரு பொத்தான் மிச்சம் இருந்தது. உதவி கேட்கிற பொத்தான். அமுக்கினால் கூட ஓட்டுகிறவர்களுக்குச் செய்தி போகும். உன் வரிசையில் பச்சை எரிந்தது ஒரே பெயர்தான். ‘சிங்காநல்லூரான் உதவி கேட்கிறான்’ என்று அவன் திரையில் விழும் என்பது அமுக்கின அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உன் பெயர், உன் கப்பல். வருவானா, பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவானா? அந்தப் பழுப்பு வெளிச்சத்தில் நானும் உன் அப்பாவும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் தட்டில் சோறு காய்ந்தது.

திரையில் எழுத்து வந்தது. உன் அப்பாதான் எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘டேய். எங்கடா மாட்டிக்கிட்டே? அசையாம இரு, வாரேன்.’

எனக்கு வேறு எதுவும் வேண்டாம் கண்ணு, அந்த ‘டேய்’ போதும். நீ போன நாளிலிருந்து பேச்சில்லை, ஒரு பொங்கல் வாழ்த்து இல்லை, கிறிஸ்துமஸ் கேக் இல்லை. நடுவில் ஒன்றுமே நடக்காத மாதிரி, சனிக்கிழமைதான் பார்த்தோம் என்கிற மாதிரி ஒரு ‘டேய்’. கொஞ்ச நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து அவன் கப்பல் வந்து என் பக்கத்தில் நின்றது. அதிலிருந்து சின்னச் சின்ன இயந்திரங்கள் தும்பி மாதிரிப் பறந்து வந்து என் டேங்கில் ஊற்றிவிட்டுப் போயின. ஊற்றிக்கொண்டே என் வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்திருப்பான் போல. ‘ஏன்டா இத்தனை காப்பி? பைத்தியமா உனக்கு?’ என்று எழுதினான். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "டேவிட்டு, அது உனக்குத்தான் சாமி, சீரு" என்றேன்.

"அம்மா?" என்றான். "ஆமா கண்ணு. நல்லாருக்கியா? சாப்பிட்டயா?" "நீங்களா இத்தனை தூரம் ஓட்டிட்டு வந்தீங்க?" "பின்னே? ஸ்டிக்கை என்ற கையில குடுத்தவன் நீதானே." சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அவன் இல்லீங்களா?" என்று கேட்டான். பெங்களூரில் இருக்கிறான் என்றேன். மெதுவாகச் சொன்னான், அதை அவன் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "நெம்ப நாளா பாத்துட்டிருந்தனுங்க. அவன் புள்ளி தெனமும் மத்தியானம் எரியும். ஒவ்வொரு நாளும் என்ற பக்கமா வந்துட்டே இருந்துது. வேற எடத்துக்குப் போலாம்னு இருந்தவன், போலீங்க. வரட்டும்னு நின்னுட்டேன். மத்தியான சாப்பாட்டு நேரத்துல வந்து வந்து பாத்துக்குவேன். அவன்தான் வாரான்னு நெனச்சுப்போட்டனுங்க."

நான் கல்யாணச் சேதி சொன்னேன், தேதி சொன்னேன், மண்டபம் சொன்னேன், திரைக்கு முன்னால் தட்டில் பத்திரிகையும் குங்குமமும் வைத்துக் கூப்பிட்டேன். அவன் திரையில் அது தெரியாது, இருந்தாலும் வைத்தேன். உன் அப்பாவும் ஹெட்செட்டைப் பிடுங்கி, "தம்பி, கண்டிப்பா வந்துபோடோணும்" என்றார். "நீங்க கூப்பிட்டு நான் வராம இருப்பனுங்களா?" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் சொன்னான், "வந்து பந்தியில உக்காந்து சாப்புட்டுட்டுப் போறேனுங்கம்மா. ஆனா அவன் பக்கத்துல போய் நிக்க, அவன் கூப்புடலீங்களே." அவன் சொன்னது சரி. அம்மா கூப்பிட்டால் பந்திக்குத்தான் வர முடியும். தோழனாக நிற்க மாப்பிள்ளைதான் கூப்பிட வேண்டும்.

அவன் நிற்கிற இடத்தில் கடைக்கோடியாக ஒரு சின்னத் துறைமுகம் இருக்கிறது, இரண்டு கப்பல் நிறுத்தத்தான் இடம். அவன் முன்னால் போக, நான் பின்னால் போய் நிறுத்தினேன். "காப்பியை எறக்கி வெச்சுட்டுப் போங்கம்மா, திரும்பறப்ப எடை குறையும்" என்றான். "நான் எறக்க மாட்டேன். சீரை மாப்பிள்ளை கையில வாங்கிக்க" என்றேன். அப்போதுதான் சிரித்தான். பழைய சிரிப்பு, நாற்காலி தாங்காத சிரிப்பு. அதைக் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரை அணைத்தேன். அதற்கப்புறம் நான் அதைத் தொடவில்லை.

உன் வேலை என்ன என்று இப்போது தெரிந்திருக்கும். கல்யாணத்தைப் பற்றி மற்ற புத்திமதியெல்லாம் உன் பெரியம்மாவும் மாமாவும் மண்டபத்தில் வரிசையில் நின்று சொல்வார்கள், தலையை ஆட்டிக்கொள். என்னுடையது இது ஒன்றுதான்: ஒருத்தன் உன் பெயரைப் பார்த்ததும் கேள்வி கேட்காமல் கிளம்பி வருகிறான் என்றால், அவனைப் பந்தியில் மட்டும் உட்கார வைத்து அனுப்பாதே. முதலில் யார் பேசுவது என்று நீ இன்னும் யோசித்தால், அவன் பேசியாகிவிட்டது, அந்த ‘டேய்’ உனக்கு எழுதினது. எனக்கு வந்து சேர்ந்தது, நான் உனக்குக் கொண்டு வந்து தருகிறேன். வியாழக்கிழமை தையல்காரரைக் கொஞ்சம் காக்க வைக்கிறேன், உன் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். மத்தியானம் நாற்காலியில் உட்கார், ஹெட்செட்டை மாட்டு. சாப்பாட்டு நேரத்துக்கு அவன் வருவான். நான் அடுப்படியில்தான் இருப்பேன், ஒட்டுக் கேட்க மாட்டேன், கிரைண்டரை ஓட விட்டுவிடுகிறேன். ‘அம்மணி’ நான் விட்ட இடத்தில், அவன் கப்பலை ஒட்டித்தான் நிற்கிறாள். சீர் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. திரும்பி வர டேங்க் நிறைய இருக்கிறது. அவன் ஊற்றினதுதான்.